கண்டியில் இருந்த ஏஜண்ட்

இந்தியத் தூதுவர் ஒருவர் ஹட்டன் பக்கம் வருகிறார் என்றால் மாலை, மேளம், பெட்டிசம் மூன்றும் தயாராகிவிடும். மாலையும் மேளமும் இருக்கட்டும். பெட்டிசத்தைத்தான் கொஞ்சம் கவனிக்க வேண்டும். லயத்துக் கூரை ஒழுகுகிறது, சம்பளம் போதவில்லை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து இல்லை என்று இலங்கைப் பிரஜை ஒருவர் இன்னொரு நாட்டின் பிரதிநிதியிடம் எழுதிக் கொடுக்கிறார். வெளியூர்க்காரருக்கு இது விசித்திரமாகப்படும். மலையகத்தில் யாருக்கும் அப்படிப்படுவதில்லை. ஏறக்குறைய 100 ஆண்டுகளுக்கு முன்னர் நம் பாட்டன், பூட்டன் இதே மாதிரிப் பெட்டிசங்களைக் கண்டிக்கு அனுப்பினார்கள். அவற்றை வாங்கிப் படித்து விசாரிப்பதே அங்கிருந்த ஓர் அதிகாரியின் வேலை. இந்திய அரசாங்கத்தின் ஏஜண்ட் என்பது அவருடைய பதவி.

அந்தப் பதவியைப் பற்றி இன்றும் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். அந்தக் காலத்துத் தூதுவர் அவர் என்பது ஒன்று. வெள்ளைக்காரன் நம்மை அமைதியாக வைத்திருக்க அனுப்பிய ஆள் என்பது மற்றது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, இரண்டுமே போதாது. அந்த நாற்காலியில் 1929 முதல் 1933 வரை இருந்த ஒருவரின் வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். அவர் கே. பி. எஸ். மேனன். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் வெளியுறவுச் செயலாளர் ஆனவர்.

மேனன் 1898இல் பிறந்தவர். ஒற்றப்பாலத்துக் குடும்பம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்து, ஐ.சி.எஸ். பரீட்சையில் முதலாவதாகத் தேறினார். வேலையின் தொடக்கம் தமிழ்நாட்டில்: திருப்பத்தூரில் சப் கலெக்டர், பிறகு திருச்சி. இந்த இரண்டு ஊர்களும் நமக்கு அந்நியமல்ல. வட ஆர்க்காடும் திருச்சியும் தோட்டங்களுக்கு ஆள் திரட்டிய மாவட்டங்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்த தொழில் ஆணையகத்தின் தலைமையகமே திருச்சியில்தான் இருந்தது. ஆள் திரட்டும் கங்காணி எந்தக் கிராமத்தில் முன்பணத்தைக் காட்டினானோ அந்தச் சீமையில் உத்தியோகம் பார்த்துவிட்டு, அந்தக் கிராமத்து ஆட்கள் கொழுந்து எடுத்த இடத்துக்கு மேனன் வந்து சேர்ந்தார். நடுவில் ஐதராபாத், வடமேற்கு எல்லை என்று பேரரசின் அரசியல் சேவையிலும் சுற்றி வந்திருந்தார். அந்தச் சேவையில் பெரும்பகுதி வெள்ளை இராணுவ அதிகாரிகள். இந்தியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

இனி பதவிக்கு வருவோம். தூதுவர் என்றால் ஒரு நாடு இன்னொரு நாட்டுக்கு அனுப்புகிறவர். 1929இல் இந்தியாவும் நாடல்ல, இலங்கையும் நாடல்ல. இரண்டுக்கும் ஒரே அரசர், இலண்டனில். இந்தியாவை அங்கே ஓர் அமைச்சு பார்த்தது, இலங்கையைக் குடியேற்ற நாடுகளுக்கான இன்னோர் அமைச்சு பார்த்தது. ஆகவே ஒரு பிரித்தானிய அரசாங்கத்தின் சார்பில் இன்னொரு பிரித்தானிய அரசாங்கத்திடம் பேசுகிறவர்தான் ஏஜண்ட். டெல்லியில்கூட அவர் பதில் சொல்ல வேண்டியது வெளிவிவகாரத் துறைக்கல்ல. வெளிநாடு போன இந்தியத் தொழிலாளர் விவகாரம் அன்று கல்வி, சுகாதாரம், காணி ஆகியவற்றைக் கவனித்த துறையின் கையில் இருந்தது. பள்ளிக்கூடம், காலரா ஊசி, நிலவரி ஆகியவற்றோடு நாமும் ஒரு கோப்பு.

பதவியின் வேர் 1922ஆம் ஆண்டு இந்தியக் குடியகல்வுச் சட்டம். அதற்கு முன் இந்திய அரசாங்கம் ஆட்களை மண்டபம் முகாம் வரை பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். தலைமன்னாரில் இறங்கியபின் தோட்டத் துரையின் பொறுப்பு. தென்னாபிரிக்கா, பிஜி என்று எங்கும் இந்தியத் தொழிலாளர் பட்ட பாடு இந்தியாவில் பெரிய அரசியலாகிவிட்டதால் அந்தச் சட்டம் வந்தது. ஆள் அனுப்ப வேண்டுமானால் நிபந்தனை உண்டு, நிபந்தனை நடக்கிறதா என்று பார்க்க ஆள் உண்டு என்றது அது. முதல் ஏஜண்டாக எஸ். ரங்கநாதன் 1923இல் வந்தார். அலுவலகம் கொழும்பில் அமையாமல் கண்டியில் அமைந்ததற்கு விளக்கம் தேவையில்லை; தோட்டங்கள் அங்கிருந்துதான் கிட்ட.

அவர் தோட்டங்களைப் போய்ப் பார்க்கலாம், முறைப்பாட்டை விசாரிக்கலாம், துரைக்கும் தொழிலாளர் கட்டுப்பாட்டாளருக்கும் கடிதம் எழுதலாம், வந்து ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டோ அநியாயமாக நடத்தப்பட்டோ தவிக்கும் ஆளை இலவசமாக ஊருக்கு அனுப்பிவைக்கச் சொல்லலாம், ஆண்டுக்கு ஒருமுறை டெல்லிக்கு அறிக்கை அனுப்பலாம். உத்தரவு போட முடியாது. ஒரு சதம் சம்பளத்தைக்கூட அவர் கையெழுத்தால் கூட்ட முடியாது. அவருக்குப் பின்னால் இருந்த ஒரே பலம், ஆள் அனுப்புவதை டெல்லி நிறுத்திவிடலாம் என்ற பயம். அந்தப் பயம் வெறும் பூச்சாண்டியல்ல என்பது 1939 ஆகஸ்ட் மாதம் டெல்லி உண்மையிலேயே நிறுத்தியபோது தெரிந்தது. ஆனால் அதற்குள் தோட்டங்களுக்குப் புது ஆள் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. லயங்களில் பிறந்த பிள்ளைகளே போதுமாக இருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அன்று தோட்டத்துக்குள் வெளியாள் காலடி வைத்தால் அத்துமீறல் வழக்கு. தொழிற்சங்கக்காரருக்கு அதே வழக்கு, சில வேளை உறவுக்காரருக்கும் அதே வழக்கு. பெரிய கங்காணியைத் தாண்டித் தொழிலாளியின் வாயிலிருந்து நேரடியாக ஒரு வார்த்தை கேட்கக்கூடிய இடத்தில் இருந்த வெளியாள் அநேகமாக ஏஜண்ட் ஒருவர்தான். அதிலும் அவர் நம்மைப் போல நிறம் கொண்டவர். நுவரெலியா ஹில் கிளப் 1960கள் வரை இலங்கையருக்குக் கதவு திறக்காத இடம். அப்படிப்பட்ட உலகத்தில் துரைமார் எழுந்து நின்று கைகொடுத்து, பங்களாவில் உட்காரவைத்துப் பேச வேண்டிய கறுத்த ஆள் ஒருவர் வந்து போனார் என்பதே காலையில் வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு ஒரு செய்தி. ஏஜண்ட் பதவியின் மீதிருந்த மரியாதையில் பாதி இதனால் வந்தது என்பது என் எண்ணம்.

சம்பள விஷயத்துக்கு வந்தால் கணக்கை விரித்துத்தான் பார்க்க வேண்டும். மேனன் வந்த 1929ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1927ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைகளுக்கு 32 சதம். தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலை புசலுக்கு ரூ. 6.40ஐத் தாண்டக்கூடாது. ஒரு புருஷன், பெண்சாதி இருவரும் வாரத்தில் 6 நாளும் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், போட்டால் வருமானம் ரூ. 5.82. ஒரு புசல் அரிசிக்கு 58 சதம் குறைகிறது. ‘முழுப்பேர்’ என்பதைக் கவனியுங்கள். கொழுந்து நிறை குறைந்தது, மலைக்குப் பிந்தி வந்தான் என்று கணக்கப்பிள்ளை அரைப்பேர் போட்டுவிட்டால் சட்டம் சொன்ன சம்பளத்தில் பாதி செக்ரோல் என்ற பெயர்ப்பதிவிலேயே போய்விடும். கங்காணிக் கடன் கழிப்பது தனி.

பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை விலை விழுந்தது, ரப்பர் அதைவிட மோசமாக விழுந்தது. சம்பளத்தைக் குறைக்க வேண்டும் என்றார்கள் தோட்டக்காரர்கள். 1931இல் மலைநாட்டுச் சம்பளம் ஆணுக்கு 49, பெண்ணுக்கு 39 சதமாகக் குறைந்தது. கூடவே அரிசி விலையும் புசலுக்கு ரூ. 4.80 ஆனது. இப்போது அதே குடும்பத்தின் கணக்கைப் போடுங்கள். 6 நாளுக்கு ரூ. 5.28. ஒரு புசல் அரிசி வாங்கியும் 48 சதம் மிச்சம். காகிதத்தில் பார்த்தால் சம்பளம் குறைந்து சாப்பாடு கூடியிருக்கிறது! டெல்லி இதைத் தடுக்காமல் விட்டதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம்.

கணக்கு பொய்யில்லை. ஆனால் அது 6 நாள் வேலை உண்டு என்று வைத்துக்கொண்ட கணக்கு. மந்த காலத்தில் பல தோட்டங்கள் வேலை நாளைக் குறைத்தன. சில தோட்டங்கள், குறிப்பாக ரப்பர் தோட்டங்கள், மூடியே கிடந்தன. பல்லாயிரம் பேர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். துணிமணிக்கும் கல்யாணத்துக்கும் ஊருக்கு அனுப்பவும் வேண்டிய காசு அரிசி விலையோடு சேர்ந்து குறையவில்லை. ஏஜண்ட் அலுவலகத்தின் வேலை இந்த இடைவெளியில்தான் நடந்தது: குறைப்பை நிறுத்துவதல்ல, குறைப்போடு அரிசி விலையும் இறங்குகிறதா, போக விரும்புகிறவருக்குப் பயணச் செலவு கிடைக்கிறதா என்று பார்ப்பது. சின்ன வேலைதான். அந்தச் சின்ன வேலையைச் செய்ய வேறு ஆள் இல்லாத காலம் அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வேறு வழியில் போராடியவர்கள் இருந்தார்கள். கோ. நடேசய்யர் பத்திரிகை நடத்தினார், துண்டுப்பிரசுரம் அடித்தார், 1931இல் ஹட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் மேடைகளில் பாடினார். இவர்கள் கேட்டது தொழிலாளிக்குக் குரல். ஏஜண்ட் கொடுத்தது தொழிலாளிக்காக ஒரு குரல். இரண்டையும் ஒரே தராசில் வைத்து யார் பெரியவர் என்று கேட்பதில் அர்த்தமில்லை.

இரண்டும் எங்கே மோதின என்பது வாக்குரிமையில் தெரிந்தது. டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்கு என்று 1928இல் பரிந்துரைத்தது. தோட்டத்து மக்களும் அந்த ‘எல்லோரில்’ அடக்கமா என்றவுடன் சட்டநிரூபண சபையில் எதிர்ப்புக் கிளம்பியது. ஆளுநர் ஸ்டான்லி 1929இல் ஒரு சமரசம் கண்டுபிடித்தார். இலங்கையை நிரந்தர வதிவிடமாகக் கொண்டவருக்கு வாக்கு. படிப்பும் சொத்தும் உள்ளவருக்கு வாக்கு. மற்றவர் 5 ஆண்டு இங்கே இருந்து நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ் எடுத்தால் வாக்கு. அந்தச் சான்றிதழுக்கு ஒரு வால் இருந்தது. அதை எடுப்பவர் இலங்கை அல்லாத வேறெந்த அரசாங்கத்தின் விசேட பாதுகாப்பையும் கோரமாட்டேன் என்று விட்டுக்கொடுக்க வேண்டும்.

விளங்குகிறதா? வாக்கு வேண்டுமானால் ஏஜண்டை விடு. ஏஜண்ட் வேண்டுமானால் வாக்கை விடு. டெல்லி ஆட்சேபித்தது. கைநாட்டு வைக்கும் ஒரு தொழிலாளிக்கு எது பெரிது என்பது இலேசான கேள்வியல்ல. குறைந்தபட்சச் சம்பளம், இலவசப் பயணம், முறையிட ஓர் ஆள் எல்லாமே அந்த ‘விசேட பாதுகாப்பு’ என்ற சொல்லுக்குள் அடங்கக்கூடியவை. ஆகவே பலர் சான்றிதழ் வழியை விட்டு நிரந்தர வதிவிட வழியில் பதிந்தார்கள். 1931இல் சுமார் 1 இலட்சம் இந்தியர் வாக்காளர் ஆனார்கள். அன்று தோட்டங்களில் இருந்த இந்தியச் சனத்தொகை சுமார் 7 இலட்சம். அந்தத் தேர்தலில் ஹட்டனிலிருந்து பெரி சுந்தரம் போட்டியின்றித் தெரிவாகி, தொழில் அமைச்சரும் ஆனார். கண்டியில் ஏஜண்ட் ஒருபுறம், கொழும்பில் அரசாங்க சபை உறுப்பினர் ஒருபுறம் என்று நம் மக்களுக்கு இரண்டு வாசல்கள் இருந்த காலம் அது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்வது சரியல்ல என்ற வாதம் சிங்களத் தலைவர்களிடமிருந்து அன்றைக்கே வந்துவிட்டது. 1948இல் அதுவே பிரஜாவுரிமைச் சட்டத்தின் அடிநாதம்.

மேனனைப் போன்ற மனிதரைப் புரிந்துகொள்ள இஸ்தான்புல் வரை ஒருமுறை போய்வரலாம். அங்கே ஒட்டோமான் பேரரசின் வெளிவிவகார அமைச்சில் ஆர்மீனியர்கள் உயர் பதவிகளில் இருந்தார்கள். கப்ரியேல் நொராதுங்கியான் அவர்களில் பெரியவர். 1852இல் பிறந்து, பாரிசில் சட்டம் படித்து, பல தசாப்தங்கள் அமைச்சின் சட்ட ஆலோசகராக இருந்தவர். பேரரசு பிற நாடுகளோடு செய்துகொண்ட உடன்படிக்கைகளை எல்லாம் திரட்டி 4 தொகுதிகளாக வெளியிட்டார். 1912 ஜூலையில் வெளிவிவகார அமைச்சரே ஆனார். சில மாதங்களில் பால்கன் போர். 1913 ஜனவரியில் இராணுவத்தினரும் இளந்துருக்கியரும் அமைச்சரவைக்குள் புகுந்து ஆட்சியைக் கவிழ்த்தபோது பதவி போனது. இரண்டே ஆண்டில், 1915இல், அவருடைய இனத்தையே அந்த அரசு வேரோடு பிடுங்கியது. பிழைத்த அவர் 1922–23இல் லோசான் மாநாட்டில் ஆர்மீனியர் தரப்பில் நின்று, தம் மக்களுக்கு ஒரு வாழிடம் கேட்டார். 1923 ஜூலையில் கையெழுத்தான அந்த உடன்படிக்கையில் ‘ஆர்மீனியர்’ என்ற சொல்லே இல்லை. உடன்படிக்கைகளைத் திரட்டியே பெயர் வாங்கியவர் 1936இல் பாரிசில் இறந்தார்.

பேரரசுகள் இப்படிப்பட்டவர்களை ஏன் வைத்துக்கொண்டன? மொழி தெரியும், சட்டம் தெரியும், கெட்டிக்காரர்கள். இதற்கு மேல், அவர்களுக்குப் பின்னால் சொந்தப் படையோ பிரதேசமோ இல்லை. பதவி கொடுத்த கைதான் அவர்களுக்கு எல்லாம். நேர்மைக்கு இதில் குறைவில்லை. நொராதுங்கியானும் நேர்மையாகத்தான் உழைத்தார். ஆனால் அலுவலகத்தின் கனம் அதிகாரியின் மனதிலிருந்து வருவதில்லை, அனுப்பிய அரசின் தேவையிலிருந்து வருகிறது. தேவை மாறிய நாளில் கனமும் போய்விடும்.

மேனன் விஷயத்தில் வரலாறு வேறு பக்கம் திரும்பியது. இலங்கைக்குப் பின் 1934இல் கராம்பு வியாபாரச் சட்டங்களால் இந்தியர்களுக்கு வந்த பாதிப்பை விசாரிக்க அவரை சான்சிபாருக்கு அனுப்பினார்கள். 1943இல் சுங்கிங்கில் இந்தியாவின் ஏஜண்ட் ஜெனரல். பேரரசு போனது, ஆனால் அவர் காலடியில் ஒரு புது நாடு இருந்தது. பிறகு சீனாவில் தூதுவர், 1948இல் வெளியுறவுச் செயலாளர், 1952 முதல் 1961 வரை மொஸ்கோவில் தூதுவர். ஸ்டாலின் இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் அவரைச் சந்தித்த கடைசி வெளிநாட்டுத் தூதர்களில் ஒருவர். 1982இல் மறைந்தார்.

அவர் வெளியுறவுச் செயலாளராக இருந்த ஆண்டுகளைக் கொஞ்சம் பாருங்கள்: 1948 முதல் 1952. 1948இல் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம். அதே ஆண்டு தேர்தல் சட்டத் திருத்தம் நம் வாக்கைப் பறித்தது. கண்டியில் பெட்டிசம் வாங்கிய மனிதர் டெல்லியில் வெளியுறவின் உச்சியில் இருந்தபோதே அவருக்குப் பெட்டிசம் எழுதியவர்கள் நாடற்றவர் ஆனார்கள். இதைப் படிக்கும்போது கோபம் வருவது இயல்பு. ஆனால் அவசரப்பட வேண்டாம். இலங்கை விவகாரம் டெல்லியில் காமன்வெல்த் நாடுகளுக்கான தனிச் செயலாளரின் பொறுப்பில் இருந்தது. மேனனின் மேசைக்கு நேரே வந்த கோப்பு அல்ல. அதைவிட முக்கியமானது கொள்கை. வெளிநாட்டில் குடியேறிய இந்தியர் அந்தந்த நாட்டுப் பிரஜைகளாக வேண்டும் என்பது நேருவின் உறுதியான நிலை. 1922ஆம் ஆண்டுச் சட்டம் நம்மை ‘எங்கள் ஆட்கள்’ என்றது. சுதந்திர இந்தியா ‘நீங்கள் இலங்கையர்’ என்றது. இலங்கை ‘நீங்கள் இந்தியர்’ என்றது. ஏஜண்டின் கீழ் பாதுகாக்கப்பட்டவர்கள் என்ற அடையாளமே நமக்கு எதிரான சாட்சியாக நின்றது.

1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது எவ்வளவு நுணுக்கமாக வேலை செய்தது என்று பாருங்கள். கலியாணம் முடித்தவர் 7 ஆண்டு, முடிக்காதவர் 10 ஆண்டு தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்திருந்தால் தொடர்ச்சி அறுந்தது. ஊருக்குப் போய் வருவதை உரிமையாகக் கருதி வந்த மக்கள். தாய் தகப்பனின் சாவுக்கும் தங்கச்சியின் கலியாணத்துக்கும் போய் அறுவடை முடித்து வந்தவர்கள். சுமார் 8 இலட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். 1 இலட்சத்து 35 ஆயிரத்துக்குக் கிட்டத்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. மீதியானவர்களை 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் பங்கு பிரித்தார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, 1,50,000 பிறகு பார்க்கலாம். லோசானில் ஆர்மீனியர் போலவே, அந்த மேசையில் உட்கார்ந்து கையெழுத்திட மலையகத்தார் எவரும் இல்லை.

மேனன் குடும்பத்தின் தொடர்பு அதோடு முடியவில்லை என்பதையும் சொல்லிவிடலாம். அதே பெயர் கொண்ட மகன் 1987இல் இந்திய வெளியுறவுச் செயலாளர். இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின் ஆண்டு. பேரன் சிவசங்கர் மேனன் 1997 முதல் 2000 வரை கொழும்பில் உயர்ஸ்தானிகர். மூன்று தலைமுறைக்கும் இந்தத் தீவு ஒரு கோப்பாக வந்து போயிருக்கிறது.

இன்று கண்டியில் இந்தியாவின் உதவி உயர்ஸ்தானிகராலயம் இருக்கிறது. இடம் அதே நகரம் என்பதால் வேலையும் அதே என்று நினைத்துவிடக்கூடாது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர் என்ற நிலைக்கு முடிவு கட்டியது. நாம் இலங்கைப் பிரஜைகள். விசா, புலமைப்பரிசில், இந்தியா தரும் உதவித் திட்டங்கள் ஆகியவற்றுக்கு அங்கே போகலாம். சம்பளத்துக்குப் போக முடியாது. அது கொழும்பில் சம்பள நிர்ணய சபையில் முடிவாவது. 2017 மே மாதம் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மோடி 10,000 வீடுகளை அறிவித்தார். செங்கல்லுக்கும் சீமெந்துக்கும் இந்தியாவின் பணம். வீடு நிற்கும் 7 பேர்ச் காணிக்கு உறுதி எழுதிக் கொடுக்க வேண்டியது இலங்கை அரசாங்கம். தோட்டக் காணி அரசுடையது, குத்தகைக்கு எடுத்து நடத்துவது கம்பனி. இருவரும் விடுவித்தால்தான் உறுதி. அது இழுபடும்போது உயர்ஸ்தானிகர் அதிகபட்சம் ஒரு கடிதம் எழுதலாம், 1929இல் ஏஜண்ட் எழுதியது போல. உறுதியைக் கேட்க வேண்டிய இடங்கள் பெருந்தோட்ட அமைச்சு, பிரதேச செயலகம், நுவரெலியா மாவட்டத்தில் நம் வாக்கை வாங்கிக்கொண்டு பாராளுமன்றம் போனவர்களின் அலுவலகம்.